பொய்ச் சண்டையும் மெய் எடையும்

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்)



"அதெல்லாம் பொய்ச் சண்டைடா! யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சுக்குவாங்க!"

ரெஸ்லிங் என்ற சொல்லை நம் வகுப்பில் யாராவது உச்சரித்தால் போதும். பின்பெஞ்சிலிருந்து இந்தக் குரல் வந்துவிடும். சொல்பவர் ஏதோ ராணுவ ரகசியத்தைப் போட்டு உடைத்த பெருமையோடு சொல்வார். உண்மையில் இதில் ரகசியம் எதுவும் இல்லை. 1989-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் அந்த நிறுவனத்தாரே, "இது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்குக் காட்சிதான்" என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். போட்டி என்று சொன்னால் அரசாங்க ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் வரும். காட்சி என்று சொன்னால் இரண்டும் குறையும். அவ்வளவுதான் விஷயம்!

ஆகவே முடிவு முன்பே பேசப்பட்டது என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. நான் கேட்பது வேறு ஒரு கேள்வி. முடிவு பொய் என்றால் எடையும் பொய்யா? விழுந்தவனின் முதுகெலும்பும் பொய்யா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறேன். 1987 மார்ச் 29-ஆம் தேதி நடந்த மூன்றாவது ரெஸ்ல்மேனியா. நாமெல்லாம் பிறப்பதற்குப் பல வருஷம் முந்தியது.

யார் அந்த ஆண்ட்ரே?

உங்கள் வீட்டில் சித்தப்பா, மாமா வயதில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொண்ணூறுகளில் கேபிள் டி.வி. ஊருக்குள் வந்த புதிதில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். பார்க்காத பையன் இல்லை. (அந்த மூன்றெழுத்து வனவிலங்கு நிதியத்துக்கும் இருந்ததால் வழக்காகி, 2002-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. என்று மாறியது.) டி.வி. பார்க்க வசதி இல்லாதவர்களுக்கு ட்ரம்ப் கார்டு. உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அடுத்தவன் கார்டைப் பிடுங்கிக்கொள்ளும் ஆட்டம். எங்கள் சித்தப்பா கணக்கில் தேறாமல் எட்டாவதோடு நின்றவர். ஆனால் எந்த வீரன் எத்தனை பவுண்டு என்று இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வார். அவர் வாயால்தான் ஆண்ட்ரே தி ஜயண்ட் என்ற பெயரை முதலில் கேட்டேன். பிறகு அந்த நிகழ்ச்சியின் முழுப் பதிவையும் செல்போனில் தேடிப் பார்த்தேன். ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை!

ஆண்ட்ரே ரூசிமோஃப் 1946-இல் பிரான்ஸ் நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உடம்பில் வளர்ச்சிக்கான சுரப்பு நிற்காமல் சுரந்துகொண்டே இருக்கும் அக்ரோமெகலி என்ற நோய் அவருக்கு இருந்தது. உலகம் அவரைப் பார்த்து வியந்ததும் அந்த நோயால்தான், அவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததும் அந்த நோயால்தான். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். பண்ணையில் உழைத்தார். தச்சு வேலை பழகினார். வைக்கோல் கட்டும் இயந்திரத்துக்கு எஞ்சின் செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். பதினெட்டு வயதில், அதாவது இப்போது என் வயதில், பாரிஸ் நகரத்துக்குப் போனார். இரவில் மல்யுத்தப் பயிற்சி. பகலில்? வயிற்றுப்பாட்டுக்கு வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை!

சுத்தமாகச் சொன்னால், லோடுமேன். இதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் தனிப் பாசமே வந்துவிட்டது. காரணம் பின்னால் சொல்கிறேன்.

காற்றில் நின்ற கூரை

நிகழ்ச்சி நடந்த இடம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய பான்டியாக் என்ற ஊர். கார் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர். 1975-இல் திறந்த சில்வர்டோம் என்ற அரங்கம் அங்கே இருந்தது. நம் சிவில் நண்பர்கள் கொஞ்சம் காதைக் கொடுங்கள். சுமார் 10 ஏக்கர் பரப்புள்ள அதன் கூரைக்கு நடுவில் ஒரு தூண் கூடக் கிடையாது! டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணிதான் கூரை. அரங்கத்துக்குள் காற்றழுத்தத்தை வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, அந்தக் காற்றாலேயே கூரையைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். 1985-இல் பனி கொட்டி, அந்தப் பாரம் தாங்காமல் கூரை ஒரு முறை சரிந்து, மறுபடி சரிசெய்யப்பட்டது. கூரையாக இருந்தாலும் ஆளாக இருந்தாலும் பாரம் பாரம்தானே!

அன்றைக்கு அங்கே கூடியவர்கள் 93,173 பேர் என்று அறிவித்தார்கள். அதெல்லாம் இல்லை, 78,000 அளவில்தான் என்று மல்யுத்தச் செய்தியாளர் டேவ் மெல்ட்சர் பிற்பாடு எழுதினார். இன்றுவரை இந்த வழக்குத் தீரவில்லை. குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் ஒரு சிறிய ஊரே திரண்டு வந்த மாதிரி. டெட்ராய்டில் வளர்ந்த பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் பாடித் தொடங்கிவைத்தார். உடை மாற்றும் அறைக்கும் ரிங்குக்கும் நடுவே தூரம் அதிகம். அதனால் வீரர்களைக் கூட்டிவர ரிங் வடிவத்திலேயே சிறிய மோட்டார் வண்டிகள் செய்து ஓட்டினார்கள். நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் சாமி ஆடி அசைந்து வருவது போல ஒவ்வொருவரும் வந்து இறங்கினார்கள்.

மொத்தம் பன்னிரண்டு சண்டைகள். எல்லாமே நன்றாக இருந்தன என்று நான் சொல்ல மாட்டேன். உயரம் குறைந்த மனிதர்களைச் சிரிப்புக்காக ஒரு சண்டையில் இறக்கியது பார்க்கச் சகிக்கவில்லை. இன்னொரு சண்டையில் ஓர் ஈரானியரையும் ஒரு "ரஷ்யரையும்" எதிரி நாட்டுக்காரர்கள் என்று நிறுத்தி, கூட்டத்தை ஊளையிட வைத்தார்கள். அந்த "ரஷ்யர்" நிக்கோலாய் வோல்காஃப் உண்மையில் யூகோஸ்லாவியாவில் பிறந்தவர்! இப்படிச் சில்லறைத்தனமும் நிறைய உண்டு. ஆனால் இரண்டு சண்டைகளை நான் மறக்க மாட்டேன். ஒன்று மூளையால் நடந்தது, மற்றது முதுகால் நடந்தது.

வரைபடம் போட்டு ஒரு சண்டை

முதல் சண்டை ரேண்டி சாவேஜுக்கும் ரிக்கி ஸ்டீம்போட்டுக்கும். கதைப்படி, சில மாதங்களுக்கு முன் சாவேஜ் மணியை எடுத்து ஸ்டீம்போட்டின் குரல்வளையில் அடித்துவிட்டார். அதற்குப் பழி வாங்கும் படலம். பதினாலரை நிமிஷம்தான் நடந்தது. அந்தப் பதினாலரை நிமிஷத்தில் ஒரு வினாடி கூட வீண் இல்லை. ஒருவர் அழுத்திப் பிடிப்பார், ரெஃப்ரி ஒன்று... இரண்டு... என்று கையால் தட்டுவார், மூன்றுக்குள் மற்றவர் திமிறி எழுந்துவிடுவார். இப்படி எத்தனை தடவை! முடிவு தெரிந்து பார்க்கும் எனக்கே ஒவ்வொரு முறையும் பக் பக் என்றது. கடைசியில் சாவேஜ் மறுபடி அதே மணியைத் தூக்க, ஸ்டீம்போட்டின் துணைக்கு வந்திருந்த ஜார்ஜ் ஸ்டீல் அவரைத் தள்ளிவிட, ஸ்டீம்போட் சட்டென்று சுருட்டிப் பிடித்து வென்றார்.

இது எப்படி முடிந்தது என்று ஸ்டீம்போட் பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பொதுவாக இந்தத் தொழிலில் தொடக்கமும் முடிவும் மட்டும் பேசிக்கொள்வார்கள். நடுவில் உள்ளது எல்லாம் ரிங்குக்குள் போன பிறகு காதோடு காதாகப் பேசிச் செய்வது. சாவேஜுக்கு அது ஆகாது. ஒவ்வோர் அசைவையும் காகிதத்தில் வரிசை எண் போட்டு எழுதிவைத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு மனப்பாடம் செய்தார்கள். ஒருவர் ஒரு நம்பரைச் சொன்னால், அங்கிருந்து அடுத்தது என்ன, அதற்கடுத்தது என்ன என்று மற்றவர் ஒப்பிக்க வேண்டும்!

நம் வைவா மாதிரி இருக்கிறதா? அதேதான்!

இதைக் கேட்டதும் "பார்த்தியா, எல்லாம் எழுதி வச்ச நாடகம்!" என்று பின்பெஞ்சு நண்பர் குதிப்பார். நண்பரே, நாம் கட்டுகிற கட்டடத்துக்கும் முன்பே வரைபடம் போட்டாகிவிட்டது. எந்தத் தூணில் எத்தனை கம்பி என்று தாளில் இருக்கிறது. அதற்காக அந்தக் கட்டடம் பொய்யா? கொத்தனார் கையில் காய்ப்பு விழவில்லையா? திட்டம் முன்பே இருப்பதால் வேலை லேசாகிவிடாது. சரியாகச் செய்ய வேண்டிய பொறுப்புத்தான் கூடும். மேல் கயிற்றிலிருந்து ஒருவர் பாயும்போது கீழே இருப்பவர் அரை அடி தள்ளிப் படுத்திருந்தால், எழுதிவைத்த காகிதம் வந்து எலும்பைக் காப்பாற்றாது.

ரிங் என்றால் பஞ்சு மெத்தை என்று நினைப்பவர்களும் உண்டு. இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய ஸ்பாஞ்ச், மேலே கான்வாஸ் துணி. அவ்வளவுதான். விழுவதற்கென்றே மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கைகளை விரிக்க வேண்டும். முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். ஏன்? விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். நாம் அஸ்திவாரத்துக்கு ஃபுட்டிங்கை அகலமாகப் போடுகிறோமே, அதே கணக்குத்தான்! ஆனால் அழுத்தத்தைத்தான் குறைக்கலாம், எடையைக் குறைக்க முடியாது. வருஷத்தில் பல நூறு முறை விழுந்தால் அது எங்கேயாவது போய்ச் சேரத்தானே செய்யும்?

பதினைந்து வருஷம் தோற்காதவர்

இப்போது கடைசிச் சண்டைக்கு வருவோம். சாம்பியன் ஹல்க் ஹோகனுக்கும் ஆண்ட்ரேவுக்கும்.

ஹோகன் 1984 ஜனவரியிலிருந்து மூன்று வருஷமாகப் பட்டத்தை வைத்திருந்தவர். 302 பவுண்டு என்று அறிவிப்பார்கள். ஆண்ட்ரே 7 அடி 4 அங்குலம், 520 பவுண்டு என்று அறிவிப்பு. நம் கணக்கில் சுமார் 236 கிலோ. ஐந்து சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பேரும் நண்பர்கள் என்பது கதை. அந்த நட்பை முறித்துக்கொண்டு, கெட்ட பேர் எடுத்த மேனேஜர் பாபி ஹீனனைக் கூட்டிக்கொண்டு வந்து, ஹோகனின் சட்டையையும் கழுத்துச் சிலுவையையும் ஆண்ட்ரே கிழித்து எறிந்தார். அதைப் பார்த்து அமெரிக்கச் சிறுவர்கள் கண்கலங்கினார்களாம்.

"ஆண்ட்ரே பதினைந்து வருஷம் தோற்றதே இல்லை, அவரை யாரும் தூக்கிப் போட்டதே இல்லை" என்று விளம்பரம் செய்தார்கள். இரண்டுமே புளுகு! 1986-இல் ஜப்பானில் அந்தோனியோ இனோகியிடம் ஆண்ட்ரே தோற்றிருக்கிறார். 1980-இல் நியூயார்க்கின் ஷியா ஸ்டேடியத்தில் இதே ஹோகனே அவரைத் தூக்கிப் போட்டிருக்கிறார்! அப்போது ஹோகன் வில்லன். இன்டர்நெட் இல்லாத காலம், யார் போய்ச் சரிபார்ப்பது?

ஆக, தோல்விக் கணக்கு பொய். நட்பு முறிந்த கதை பொய். யார் வெல்வது என்பதும் முன்பே பேசியது. இத்தனை பொய்க்கு நடுவில் மெய் என்று என்ன இருந்தது? ஆண்ட்ரேவின் முதுகு இருந்தது.

1986-இல் அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. அதே வருஷம் "தி பிரின்சஸ் பிரைட்" என்ற படத்தில் நடித்தார். கதாநாயகி ராபின் ரைட் அவர் கைகளில் வந்து விழ வேண்டிய ஒரு காட்சி. மெலிந்த பெண்தான். ஆனால் அந்த எடையைத் தாங்க ஆண்ட்ரேவின் முதுகு இடம் கொடுக்கவில்லை. நடிகையைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அவர் தாங்குவது போலக் காட்டிப் படம் பிடித்தார்கள். அப்படிப்பட்ட மனிதர் சில மாதங்களில் 78,000 பேருக்கு முன்னால் ரிங்கில் ஏறுகிறார். ஒற்றைத் தோள்பட்டை வைத்த கறுப்பு உடை. அதற்குள்ளே முதுகைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை. வெளியில் யாருக்கும் தெரியாது.

அப்பா சொன்னது

என் அப்பா கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குபவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ரெஸ்லிங் பற்றியும் ஒன்றும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இந்தப் பெரிய ஆளுக்கு இடுப்புல ஏதும் அடிபட்டிருக்கா?"

"ஏம்ப்பா கேக்குறீங்க?"

"கயித்தை விட மாட்டேங்கிறான் பாரு. ஒவ்வொரு தடவையும் கயித்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் நிமிர்றான். எங்க ஷெட்டுல இடுப்பு போனவங்க இப்படித்தான் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! நான் பத்து இடத்தில் படித்துத் தெரிந்துகொண்ட விஷயத்தை அப்பா இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கு அரங்கத்தில் இருந்த அத்தனை ஆயிரம் பேரில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள்?

சண்டை பன்னிரண்டு நிமிஷம். தொடக்கத்திலேயே ஹோகன் ஆண்ட்ரேவைத் தூக்கப் பார்த்து, முடியாமல் அவருக்கு அடியிலேயே விழுந்துவிடுகிறார். ரெஃப்ரி இரண்டு எண்ணிவிட்டார். பிறகு ஆண்ட்ரே ஹோகனை இரண்டு கையாலும் கட்டி நெருக்குகிற கரடிப்பிடி. நீண்ட நேரம் அப்படியே நிற்கிறார்கள். "இது போரடிக்குது" என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், வேகம் இல்லை. ஆனால் அந்தப் பிடியில் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள், ஆண்ட்ரே முதுகுக்கு ஓய்வு கொடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்து பார்த்தால் அந்தக் காட்சியே வேறு மாதிரி தெரிகிறது.

கடைசியில் அந்தக் கணம். ஹோகன் குனிகிறார். ஒரு கை தோளைச் சுற்றி, ஒரு கை காலிடையே. தூக்குகிறார்! ஆண்ட்ரே மேலே போய், சுழன்று, முதுகு அடிபடத் தரையில் விழுகிறார். அரங்கமே அலறுகிறது. ஹோகன் காலை அவர் மேல் போட்டு விழுந்து, ஒன்று, இரண்டு, மூன்று!

நான் விசில் அடித்தேன். அப்பா அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"தூக்குனவன் கெட்டிக்காரன்தான். ஆனா தூக்க விட்டான் பாரு, அவன்தான்டா பெரிய ஆளு. உசுரோட இருக்கறவனை ஒரு ஆளு முதுகுல போட்டுக்கிட்டு நடந்துரலாம். அதே ஆளு செத்துட்டா நாலு பேரு வேணும். ஏன் தெரியுமா? உசுரு இருக்கறவன் தன் பங்குக்குத் தானும் கொஞ்சம் தூக்கிக் குடுப்பான்."

ஈர்ப்பு மையம் என்று ஒரு முழுப் பாடம் நாம் படித்தோமே, அதன் சாரம் இதுதான் நண்பர்களே! 236 கிலோ மனிதர் தன் பாரத்தை ஹோகனின் தோளுக்கு நேராகச் சாய்த்துக் கொடுக்காவிட்டால், ஹோகன் என்ன, அவரைப் போல இன்னொருவர் சேர்ந்து வந்தாலும் கிளப்ப முடியாது. முதுகு புண்ணாகி இருந்தவர், அதே முதுகில் விழப்போகிறோம் என்று தெரிந்தே தன்னைத் தூக்கக் கொடுத்தார். தூக்கியதில் தன் முதுகுத் தசை கிழிந்தது என்று ஹோகன் சொல்லியிருக்கிறார். ஹோகன் கதையைப் பெருக்கிச் சொல்வதில் மன்னன். காலம் போகப் போக ஆண்ட்ரேவின் எடையையும் ஏற்றிக்கொண்டே போனார். ஆனால் பிற்காலத்தில் அவருக்கு முதுகில் பல அறுவை சிகிச்சைகள் நடந்தது பொய்யல்ல. எடை இருவரிடமும் வசூல் செய்துவிட்டது.

ஜெயித்தவர்களும் தோற்றவர்களும்

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்ட்ரேவின் உடல்நிலை வருஷத்துக்கு வருஷம் தேய்ந்தது. 1993 ஜனவரி இறுதியில், தந்தையின் ஈமச்சடங்குக்காகப் பிரான்ஸ் போயிருந்தபோது பாரிஸ் ஓட்டல் அறையில் தூக்கத்திலேயே இறந்தார். வயது 46. அந்த வருஷமே நிறுவனம் புகழ் மண்டபம் ஒன்றை ஏற்படுத்தி, முதல் ஆளாக அவர் பெயரைப் பொறித்தது.

அந்த இரவில் ரிங் ஏறியவர்களில் அட்ரியன் அடோனிஸ் அடுத்த வருஷமே சாலை விபத்தில் போனார். ரேண்டி சாவேஜ் 2011-இல் போனார். ஹோகன் 2025 ஜூலையில் போனார். சில்வர்டோம் அரங்கத்தையும் 2017 டிசம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். முதல் நாள் வெடித்தும் அது விழ மறுத்து அப்படியே நின்றது. மறுநாள்தான் விழுந்தது! அந்த இடத்தில் அமேசான் கிடங்கு வந்துவிட்டது. லோடுமேனாகத் தொடங்கியவர் உலகப் புகழ் பெற்ற இடத்தில், இன்றைக்கு வேறு பலர் பெட்டி ஏற்றி இறக்குகிறார்கள்.

இது மாணவர் சங்க மலர் என்பதால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. இத்தனை எலும்பு தேய உழைத்தவர்கள் நிறுவனத்தின் கணக்கில் தொழிலாளர்களே அல்ல. தனித்தனி ஒப்பந்தக்காரர்கள்! மூன்றாவது ரெஸ்ல்மேனியாவில் வர்ணனையாளராக உட்கார்ந்திருந்த ஜெஸ்ஸி வென்ச்சுரா அதற்கு முந்தைய வருஷம் உடை மாற்றும் அறையில் சக வீரர்களிடம், "நமக்கு ஒரு சங்கம் வேண்டும்" என்று பேசினார். விஷயம் உடனே முதலாளி வின்ஸ் மக்மஹோன் காதுக்குப் போனது. சங்கம் கருவிலேயே கலைந்தது. போட்டுக் கொடுத்தது யார்? வீடியோ கேசட் வருமானத்தில் தன் பங்கைக் கேட்டு வென்ச்சுரா போட்ட வழக்கின்போது, மக்மஹோனே ஹோகனின் பெயரைச் சொன்னதாக வென்ச்சுரா பலமுறை கூறியிருக்கிறார். அந்த வழக்கில் 1994-இல் அவருக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் தீர்ப்பானது. பிறகு அவர் மின்னசோட்டா மாநில ஆளுநராகவும் ஆனார்!

சங்கம் இல்லாததன் பலனை ஸ்டீம்போட்டும் பார்த்தார். மனைவிக்குப் பிரசவ நேரம், கூட இருக்க விடுப்பு வேண்டும் என்று கேட்டார். அவ்வளவு பாடுபட்டு வென்ற பட்டம் 1987 ஜூனிலேயே வேறொருவர் இடுப்புக்குப் போனது. ரிங்குக்குள் ஒருவரை ஒருவர் நம்பி உயிரையே ஒப்படைத்தவர்கள், ரிங்குக்கு வெளியே ஒன்றாக நிற்க முடியாமல் போனார்கள். இந்த நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் மிஞ்சும் வருத்தம் இதுதான்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் பலர் சைட்டில் நிற்கப் போகிறோம். கையில் வரைபடம் இருக்கும், தலையில் ஹெல்மெட் இருக்கும். நமக்கு முன்னால் சிலர் பாண்டு சுமப்பார்கள், கம்பி வளைப்பார்கள், மூட்டை தூக்குவார்கள். திறப்பு விழாக் கல்வெட்டில் அவர்கள் பெயர் இருக்காது. மாலை வேறு யார் கழுத்திலாவது விழும். அப்போது கல்வெட்டை மட்டும் படித்துவிட்டு வந்துவிடாதீர்கள். யார் சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார் என்றும் ஒரு நிமிஷம் பாருங்கள். அதைப் பார்க்க டிப்ளமோ தேவையில்லை. ஆனால் டிப்ளமோ வாங்கியவன் அதைப் பார்க்கத் தவறக் கூடாது.